ரியூட் வாங்கப் போன மனுசன்

நான் சொன்னது ஒரேயொரு வேலை. "வெள்ளவத்தைக்குப் போங்கோ, கிருஷ்ணராஜ் சேரின்ர பயோ கிளாஸில ரியூட்டை வாங்குங்கோ, நேர வீட்டை வாங்கோ." அவ்வளவு தான். பாண் வாங்க அனுப்பினால் பாணோட வாற மனுசன் தானே எண்டு நம்பி அனுப்பினன். ரியூட் எண்டால் பெரிய சாமான் ஒண்டுமில்லை, ரியூசன் மாஸ்ரர்மார் தங்கட பாடத்தை அச்சடிச்சுக் கிழமைக்குக் கிழமை குடுக்கிற தாள்க்கட்டு. அதை வாங்கப் போன மனுசன் எங்கட வீட்டையே தலைகீழாக்கிப் போட்டார்.

மனுசன்ர பேர் ஹியூபேட் இராஜநாயகம். வயசு ஐம்பத்திமூண்டு. வேலை வாஃப் கிளாக், அதாவது கப்பலில வாற சாமான்களைச் சுங்கத்தால எடுத்துக் குடுக்கிற கொம்பனி ஒண்டில கிளாக். படிப்பு முடிச்ச கையோட சேந்தவர், இண்டைக்கும் அங்க தான். காலம போவார், பின்னேரம் வருவார், ரீவியில நியூஸ் பாப்பார், பாத்தபடியே நித்திரையாயிடுவார். குடி இல்லை, சிகரெட் இல்லை, ஒரு குறை சொல்லேலாது. ஆனால் சத்தியமாச் சொல்லுறன், மனுசன்ர முகத்தில ஒரு புளுகத்தைக் கண்டு எத்தினையோ வருசம். சந்தோசமா இருக்கிறாரோ இல்லையோ எண்டு நானும் யோசிச்சதில்லை. வீட்டில ஒரு அலுமாரி நிக்கிற மாதிரி நிண்டார், நானும் விட்டிட்டன்.

நான் கொன்ஸ்ரன்ஸ். கொட்டாஞ்சேனையில ஒரு பாமசி கவுண்டரில நிக்கிறன். டொக்டர்மாரின்ர கையெழுத்தை வாசிச்சு வாசிச்சே என்ர கண் பாதி போட்டுது. எங்கட ஒரே மகள் சாமினி, அந்தக் கையெழுத்துப் போடுற ஆளா வரவேணும் எண்டு அவள் நேர்சரிக்குப் போகேக்கையே நான் முடிவெடுத்திட்டன். முடிவெடுத்ததோட நிக்கிற ஆளா நான்? ஊர் முழுக்கச் சொல்லிப் போட்டன். பங்குச் சுவாமிக்குத் தெரியும், பாமசியில எல்லாருக்கும் தெரியும், எங்கட ஃபிளட்ஸ் வாசலில நிக்கிற செக்கியூரிற்றிக்கும் தெரியும். "டொக்டர் நோனா கோமத?" எண்டு அவர் சாமினியைச் சுகம் விசாரிப்பார். அவள் சிரிச்சுக்கொண்டு போயிடுவாள். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் எண்டு எடுத்திட்டன்.

இஞ்ச பதினோராம் வகுப்பு ஓ.எல் சோதினை முடிஞ்சால், கம்பசுக்குப் போறதுக்கான ஏ.எல்லுக்கு ஒரு பிரிவு எடுக்க வேணும். சயன்ஸ் படிக்கிற பிள்ளைக்கு ரெண்டு வழி. உயிரியல் எடுத்தால் பயோ, அதால போனால் டொக்டர். இணைந்த கணிதம் எடுத்தால் மட்ஸ், அதால போனால் இஞ்சினியர். பௌதிகமும் இரசாயனமும் ரெண்டுக்கும் பொது. பெறுபேறு வரட்டும் எண்டு ஒருத்தரும் பாத்துக்கொண்டு இருக்கிறதில்லை. சோதினை மண்டபத்தால வெளிய வாற பிள்ளையை அப்பிடியே ரியூசனுக்குள்ள தள்ளிவிடுறது தான் எங்கட வழக்கம். நான் அதுக்கும் முந்தி, சோதினை நடந்துகொண்டிருக்கேக்கையே வெள்ளவத்தைக்கு ஓடி, கிருஷ்ணராஜ் சேரின்ர கிளாஸில சாமினிக்கு இடம் பிடிச்சிட்டன். அந்த மனுசன்ர கிளாஸில இடம் கிடைக்கிறதெண்டால் லேசில்லை.

அந்த நேரம் பாத்து வத்தளையில எங்கட சொந்தத்துக்கை ஒரு கலியாணம். எங்கட ஆக்களின்ர கலியாணம் எண்டால் பைலா ஆட்டம் இல்லாமல் முடியுமே? சோதினை முடிஞ்ச துள்ளலில சாமினி ஆடினாள், ஆடினாள், ஆடிக்கொண்டே மேடை விளிம்பால கீழ போய் விழுந்தாள். கணுக்காலில ரெண்டு இடத்தில முறிவு. தகடு வைச்சு, முழங்கால் வரைக்கும் பிளாஸ்ரர் போட்டு, ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும் எண்டு சொல்லிப் போட்டினம். நாங்கள் இருக்கிறது நாலாம் மாடி. லிஃப்ற் வேலை செய்யிற நாளை நாங்கள் பெருநாள் மாதிரிக் கொண்டாடுவம், அவ்வளவு அரிது.

கிளாஸுக்கு எப்பிடிப் போறது? ஸூமில போட மாட்டாராம் சேர். ரியூட்டைத் தபாலிலயும் அனுப்ப மாட்டாராம். ஆள் வந்து கையில வாங்க வேணும், மூண்டு கிழமை ஆள் வராட்டில் இடம் வேற பிள்ளைக்குப் போயிடும். நான் போன் எடுத்துக் கெஞ்சினன். "அக்கா, பிள்ளைக்கு ஏலாட்டில் வீட்டு ஆள் ஒராள் வந்து வாங்கட்டும்" எண்டார். எனக்குச் சனிக்கிழமை முழுநாள் வேலை. அப்ப ஆர் மிச்சம்? அலுமாரி தான் மிச்சம்.

சரி, போனார். பத்து மணிக்கு வீட்டை வந்திடுவார் எண்டு நினைச்சன், ஒரு மணிக்குத் தான் வந்தவராம். பிறகு தான் விசயம் தெரியும், ரியூட் குடுக்கிறது கிளாஸ் முடிய. முதலிலயே குடுத்தால் பிள்ளையள் வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போயிடுங்களாம், அதால சேர் வைச்ச சட்டம். அப்ப மனுசன் மூண்டு மணித்தியாலம் இருநூறு பிள்ளையளுக்கு நடுவில, பின் வாங்கில இருந்திருக்கிறார். பாவம், அலுத்துப் போய் வருவார் எண்டு நான் பின்னேரம் வீட்டை வந்து தேத்தண்ணி ஊத்திக் குடுத்தால், மனுசன் என்னைப் பாத்துக் கேக்கிறார்: "கொன்ஸி, உன்ர உடம்பில இழைமணி எண்டு ஒரு சாமான் இருக்கு, தெரியுமா?"

"எங்க? கழுத்திலயோ?" எண்டன்.

"கலத்துக்குள்ள. ஒவ்வொரு கலத்துக்குள்ளயும். அது தான் எங்களுக்குச் சக்தி தாறது. அது முழுக்கத் தாயிட்டயிருந்து தானாம் பிள்ளைக்கு வரும், தகப்பன்ர சேராதாம்." சொல்லிப் போட்டுச் சாமினியைப் பாத்து, "அப்ப விளங்குது, உனக்கு ஏன் இந்தக் கொதி எண்டு" எண்டார். பிள்ளை விழுந்து விழுந்து சிரிச்சாள். எனக்குச் சிரிப்பு வரேல்லை. இந்த மனுசன் பகிடி விட்டே எத்தினை வருசம் எண்டு அதிசயப்பட்டுக்கொண்டு நிண்டன்.

அதோட தொடங்கினது தான் ஆய்க்கினை. ஞாயிற்றுக்கிழமை கணவாய் வாங்கி வந்தன். கறிக்கு வெட்டுவம் எண்டு கத்தியை எடுக்க, "பொறு, பொறு" எண்டு ஓடி வாறார். "இதுக்கு மூண்டு இதயம் கொன்ஸி. ரத்தம் நீலம். நத்தைக்குச் சொந்தக்காரன் இது." நான் கத்தியோட நிக்கிறன், மனுசன் சட்டிக்குள்ள தலையை விட்டு இதயம் தேடுறார். "மூண்டு இதயம் இருந்து என்ன, கடைசியில என்ர சட்டிக்குள்ள தானே வந்தது, தள்ளுங்கோ அங்கால" எண்டு பேசினன். அண்டைக்குக் கறி வைக்க மூண்டு மணியாச்சுது. இறால் வந்தால் கால் எண்ணுறது, நண்டு வந்தால் அதின்ர குலம் கோத்திரம் சொல்லுறது. நிம்மதியா ஒரு மச்சம் சமைக்கேலாமல் போச்சு.

வீட்டில மட்டுமெண்டால் பரவாயில்லை. கூட வேலை செய்யிற ரொனி ஒருநாள் எனக்குப் போன் எடுத்தான். "அக்கா, ஒருகொடவத்தை யார்ட்டில கொள்கலன் திறக்கிறதுக்குக் காத்து நிக்கிறம். ஹியூபேட் அண்ணன் ஒரு மூலையில நிண்டு தனியக் கதைக்கிறார். சுகமில்லையோ?" ரியூட்டைப் பாடமாக்கிக்கொண்டு நிண்டிருக்கிறார் மனுசன்! அங்க சுங்க ஐயாமாரும் இப்ப இவரை "டொக்டர் மஹத்தயா" எண்டு தான் கூப்பிடுகினமாம், டொக்டர் ஐயா எண்டு. எனக்கு வெக்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். ரீவிக்கு முன்னால நித்திரை கொள்ளுறதை மனுசன் விட்டிட்டார். இரவில சாப்பாடு முடிய மேசையில ரியூட்டை விரிச்சு, கலர்ப் பென்சிலால படம் கீறிக்கொண்டிருப்பார். விசிலும் அடிப்பார். கலியாணம் கட்டின புதுசில கேட்ட விசில் அது.

இவ்வளவும் ஆருக்காக? சாமினிக்காக. சேர் சொன்னது ஒண்டும் தவறாமல் பிள்ளைக்கு வந்து சொல்லிக் குடுக்க வேணும் எண்டு தான் அவர் கவனமாக் கேக்கத் தொடங்கினவர். ஆனால் பிள்ளை பிளாஸ்ரர்க் காலைக் கதிரையில நீட்டி வைச்சுக்கொண்டு கொட்டாவி விடும். நான் அதைக் கால்நோ எண்டு நினைச்சன்.

இனிச் சொல்லப்போறது எனக்குப் பிறகு தான் தெரிய வந்தது, உங்களுக்கு இப்பவே சொல்லிவிடுறன். முதல் அலகு முடியச் சேர் ஒரு சோதினை வைச்சார். வர ஏலாத பிள்ளையள் வீட்டில மணிக்கூடு வைச்சு எழுதி அனுப்பட்டும் எண்டு பேப்பரை இவரிட்டக் குடுத்து விட்டிருக்கிறார். ஞாயிறு நான் சேர்ச்சுக்குப் போன நேரம், இவர் பேப்பரைச் சாமினிக்கு முன்னால வைச்சிருக்கிறார். பிள்ளை பேப்பரைத் தொடேல்லை.

"அப்பா, எனக்கு பயோ வேண்டாம்."

மனுசன் திகைச்சுப் போனாராம். பிள்ளை தலையணைக்குக் கீழ இருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டியிருக்கிறாள். இணைந்த கணிதம். பிளாஸ்ரர் போட்ட நாளிலயிருந்து அவள் அதைத் தான் தனியச் செய்துகொண்டிருந்தவளாம். "கணக்குச் செய்யத் தொடங்கினால் கால் நோகிறதே தெரியேல்லை அப்பா. பயோவில படம் கீறிப் பேர் எழுதேக்க தான் நோகுது. ஆனா அம்மா எல்லாருக்கும் சொல்லிப் போட்டா. செக்கியூரிற்றிக்குக் கூடச் சொல்லிப் போட்டா."

பள்ளிக்கூடத்தில பெற்றாரைக் கூப்பிட்டு எந்தப் பிரிவு எண்டு கேட்கிற நாள் அடுத்தடுத்த திங்கள். அங்க சொன்னால் சொன்னது தான், பிறகு மாத்திறது பெரிய பாடு. "அதுக்கு முதல் நான் அம்மாவோட கதைக்கிறன்" எண்டு இவர் வாக்குக் குடுத்திருக்கிறார். குடுத்தவர் நாள் முழுக்க என்னைச் சுத்திச் சுத்தி வந்தார், நினைவிருக்கு. "என்ன, காசு வேணுமோ?" எண்டு கேட்டன். "இல்லை, சும்மா" எண்டிட்டுப் போயிட்டார்.

பேப்பர்? அதை வெறுமையாத் திருப்பிக் குடுக்கவோ எண்டு இவர் கேக்க, "நீங்களே எழுதுங்கோ, நீங்கள் தானே கிளாஸில இருந்தனீங்கள்" எண்டிருக்கிறாள் மகள். பகிடிக்குத் தான் சொன்னவள். மனுசன் ரியூட்டை மூடி வைச்சு, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு, இருந்து எழுதியிருக்கிறார். மகள் மேற்பார்வையாம். நேரம் முடியப் பேனையை வைக்கச் சொல்லிப் பறிச்செடுத்தாளாம். முப்பதோ நாற்பதோ வரும், அதைக் காட்டி அம்மாவுக்கு மெல்ல விளங்கப்படுத்தலாம் எண்டு ரெண்டு பேரும் ஒரு கணக்குப் போட்டிருக்கினம்.

வியாழக்கிழமை பாமசியில நல்ல சனம். போன் அடிக்குது. கிருஷ்ணராஜ் சேர்! "அக்கா, சாமினிக்கு எண்பத்தாறு. முழு கிளாஸிலயும் மூண்டாம் இடம். கிளாஸுக்கு வராமலே இவ்வளவு எடுத்த பிள்ளையை நான் காணேல்லை. இதை மெடிக்கல் ஃபகல்ரிக்குள்ள அனுப்பிறது என்ர பொறுப்பு."

எனக்குக் கால் நிலத்தில நிக்கேல்லை. மருந்துக்கு வந்து நிண்ட சனத்துக்கெல்லாம் சொன்னன். ஒரு சிங்கள அம்மாவைக் கட்டிப்பிடிச்சு, "மகே துவ தொஸ்தர வெனவா" எண்டன், என்ர மகள் டொக்டராகப் போறாள் எண்டு. அவவுக்கு என்னை ஆரெண்டே தெரியாது, அவவும் சேந்து அழுதா. வேலை முடியக் கொச்சிக்கடை அந்தோனியாரிட்ட ஓடிப்போய் மெழுகுதிரி கொளுத்தினன். பிறகு திரும்பப் பாமசிக்கு வந்து, ஒரு ஸ்ரெதஸ்கோப் வாங்கினன். உள்ளதில வடிவானது, நீலக் குழாய்.

வீட்டை போய்ச் செருப்புக் கழட்டமுதல் அதைச் சாமினியின்ர கழுத்தில போட்டன். அவள் என்னைப் பாத்தாள், ஸ்ரெதஸ்கோப்பைப் பாத்தாள், ஓவெண்டு அழத் தொடங்கிட்டாள். சந்தோசக் கண்ணீர் எண்டு நானும் கட்டிப்பிடிச்சு அழுதன். பக்கத்தில மனுசன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறார்.

"கொன்ஸி," எண்டார். "அந்த எண்பத்தாறு என்ர."

"என்னது?"

"நான் தான் எழுதினனான். சாமினி எழுதேல்லை. அவளுக்கு மட்ஸ் தான் விருப்பம். திங்கக்கிழமை ஸ்கூலில அதைத் தான் நாங்கள் சொல்ல வேணும்."

எனக்கு வந்த கொதி! ஆர் மேல எண்டே தெரியாத கொதி. "தகப்பனும் மகளும் சேந்து என்னை விசரியாக்கிப் போட்டீங்களே! நாளைக்கு நான் பாமசியில முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? அந்தோனியாருக்கு என்ன சொல்லுறது? கண்டறியாத எண்பத்தாறு!" எண்டு கத்தினன். மேல் மாடி, கீழ் மாடியெல்லாம் கேட்டிருக்கும். வழமையாத் தலையைக் குனிஞ்சுகொண்டு போற மனுசன், அண்டைக்கு மகளுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்திட்டார். எழும்பேல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் வாயே திறக்கேல்லை. சட்டி பானை தான் கதைச்சுது. சனிக்கிழமை அவர் கிளாஸுக்குப் போனார், வந்தார். மேசையில ரியூட் இல்லை. நான் ஏனெண்டு கேக்கேல்லை. கேட்டால் நான் இறங்கிப் போன மாதிரி ஆயிடுமெல்லே.

ஞாயிறு பின்னேரம் கதவில தட்டிக் கேட்டுது. திறந்தால் ஒரு பிள்ளை, ஃபர்தா போட்டபடி, நாலு மாடி ஏறின களைப்பில மூச்சு வாங்கிக்கொண்டு நிக்குது. கையில ஒரு டப்பா வட்டலப்பம். "ஆன்ட்டி, நான் நிம்றா. கிளாஸில அங்கிளுக்குப் பக்கத்தில இருக்கிற ஆள்" எண்டாள். மருதானையிலயிருந்து வந்திருக்கிறாள். அப்ப இவர் வீட்டில இல்லை, கீழ மீன்கடைக்குப் போயிருந்தார். நல்லதாப் போச்சு, பிள்ளை எல்லாத்தையும் சொன்னாள்.

"நேத்து அங்கிள் எழும்பி நிண்டு, எல்லாருக்கும் முன்னால சேருக்குச் சொன்னார் ஆன்ட்டி. மூணாம் இடம் மகளுட இல்ல, நான் தான் எழுதினன், மன்னிச்சுக்கொள்ளுங்க எண்டு. முழு ஹோலும் கை தட்டிச்சு. சேர் சிரிச்ச சிரிப்பில மைக்கைக் கீழ வெச்சிட்டார். பொறகு சேர் கேட்டார், அங்கிள், மகள் வராட்டிப் பரவாயில்ல, நீங்க வருவீங்க தானே எண்டு."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

நிம்றா முகத்தைத் தொங்கப் போட்டாள். "மகள் மட்ஸ் செய்யப் போறா, இனி எனக்கு இஞ்ச வர ஒரு சாட்டும் இல்ல சேர், அப்பிடிச் சொல்லி மகளுட கிளாஸ் கார்ட்டைத் திருப்பிக் குடுத்திட்டார். போகக்குள்ள எனக்கிட்ட அவர்ட கலர்ப் பென்சில் பெட்டியைத் தந்திட்டுப் போனார். ஆன்ட்டி, நான் நாலாம் இடம். அங்கிள் போனா எனக்கு மூணாம் இடம் தான். ஆனா எனக்கு அது வேணாம். அவர் கேள்வி கேக்கிறதால தான் எங்களுக்கெல்லாம் விளங்குது. நாங்க கேக்க வெக்கப்படுவம், அவர் கைய உசத்திடுவார். அவரை வரச் சொல்லுங்க."

பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பினன். அனுப்பிப் போட்டுக் கதவைச் சாத்தினாப் பிறகு எனக்கு ஒரு இடத்தில இருக்கேலாமல் போச்சு. ஏனெண்டு கேளுங்கோ. இந்த மனுசன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எண்பத்தாறு மகளின்ர தான் எண்டு விட்டிருந்தால், பிள்ளை பயோவுக்குப் போயிருப்பாள், ரெண்டு வருசத்துக்கு வீட்டுக்கு ரியூட் வந்துகொண்டே இருந்திருக்கும். இவரும் பக்கத்தில இருந்து வாசிச்சிருப்பார், படம் கீறியிருப்பார், விசில் அடிச்சிருப்பார். பிள்ளைக்கு மட்ஸ் எண்டு வாய் திறந்த அந்த நிமிசமே தன்ர கிளாஸ் போச்சு எண்டு அவருக்குத் தெரியும். தெரிஞ்சு தான் சொல்லியிருக்கிறார். நான் என்னெண்டால் மெழுகுதிரிக் கணக்குப் பாத்துக் கத்தியிருக்கிறன்.

மனுசன் மீன்கடையால வந்தார். இறால். குசினியில நிண்டு உரிச்சார். கால் எண்ணேல்லை, குலம் சொல்லேல்லை, பேசாமல் உரிச்சுக் கழுவி வைச்சிட்டுப் போய் ரீவியைப் போட்டார். இவ்வளவு நாளும் அரியண்டம், அரியண்டம் எண்டு பேசின எனக்கு, அந்த இறால் சட்டியைப் பாக்க அழுகை வந்திட்டுது.

சாமினியிட்டப் போய் இருந்தன். "ஏனடி எனக்குச் சொல்லேல்லை?" எண்டு கேட்டன். கொதியில கேக்கேல்லை, உண்மையாத் தான் கேட்டன்.

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே அம்மா," எண்டாள். அவளுக்கும் கொதி இல்லை. நேரம் என்ன எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னாள்.

திங்கக்கிழமை மூண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனம். பிள்ளை ஊன்றுகோலோட நடுவில. அதிபர் சிஸ்டரின்ர அறைக்குள்ள எங்களை இருத்தினாப் பிறகு, அவ பேனையைத் திறந்து, "சாமினிக்கு பயோ தானே?" எண்டு சிரிச்சா. அவவுக்கும் நான் சொல்லி வைச்சிருந்தனான் எல்லோ! மகள் நிலத்தைப் பாத்தாள். மனுசன் என்னைப் பாத்தார்.

"மட்ஸ்," எண்டன்.

சிஸ்டர் நிமிந்து பாத்தா. "வடிவா யோசிச்சுத் தானே சொல்லுறீங்கள் கொன்ஸ்ரன்ஸ்?"

"யோசிச்சது பிள்ளை, சிஸ்டர். நான் இப்ப தான் கேட்டனான்."

மேசைக்குக் கீழ சாமினி என்ர கையைப் பிடிச்சு நசிச்சாள் பாருங்கோ, மோதிரம் பதிஞ்சு போச்சு. வெளிய வந்தாப் பிறகு ஒற்றைக் காலில நிண்டு என்னைக் கொஞ்சினாள். கலியாண வீட்டில விழுந்த பிள்ளை, இஞ்சையும் விழப் பாத்தாள், நானும் இவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சம். தகப்பன்ர முகத்தில அப்பிடியொரு நிம்மதி. மகளுக்காகத் தான் அந்த நிம்மதி, தனக்கெண்டு ஒண்டும் இல்லை. அதைப் பாக்க எனக்குப் பொறுக்கேல்லை.

"இஞ்சேருங்கோ," எண்டன். "உங்களுக்குப் படிக்கிற காலத்தில என்ன செய்ய விருப்பமா இருந்தது?"

மனுசன் சிரிச்சார். "ஆர் கேட்டது? எங்கட ஸ்கூலில அப்ப தமிழில கொமர்ஸ் மட்டும் தான் இருந்தது. எல்லாரும் போய் இருந்தாங்கள், நானும் போய் இருந்தன்."

"சரி, இப்ப நான் கேக்கிறன்."

"என்ன கேக்கிறாய்?"

"என்ன விருப்பம் எண்டு கேக்கிறன். வயசைக் கேக்கேல்லை, வேலையைக் கேக்கேல்லை. என்ன படிக்க விருப்பம்?"

அந்த நீட்டு விறாந்தையில, வெள்ளைச் சட்டைப் பிள்ளையள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்குதுகள். மனுசன் சுவரைப் பாத்தார், தன்ர சப்பாத்தைப் பாத்தார். "பயோ," எண்டார். எனக்கு மட்டும் தான் கேட்டிருக்கும், அவ்வளவு சின்னக் குரல்.

வாசலில ஒரு த்ரீவீலை மறிச்சு, "வெள்ளவத்த யமு மல்லி" எண்டன், வெள்ளவத்தைக்குப் போவம் தம்பி எண்டு. ஏறச் சொன்னன். "கொன்ஸி, எனக்கு வேலைக்குப் போக வேணும்" எண்டார். "கொம்பனிக்கு இண்டைக்கு வயித்துக்குத்து எண்டு சொல்லுங்கோ" எண்டன். போற வழியெல்லாம் இவருக்கு அந்தரம். பயோ மட்டும் காணாதாம், இரசாயனமும் பௌதிகமும் செய்ய வேணுமாம், பௌதிகத்தில கணக்கு வருமாம், கணக்கு எண்டால் தனக்கு அறவே ஓடாதாம். "நான் படிப்பிக்கிறன் அப்பா," எண்டாள் சாமினி. "எனக்கும் அதே பாடம் தானே. ஆனா ரெண்டாம் தரம் சொல்ல மாட்டன், முதல் தரமே கேக்க வேணும்." மனுசன் "ஓம் ரீச்சர்" எண்டார். த்ரீவீல் ஓட்டுறவன் ஏனெண்டு தெரியாமல் எங்களோட சேந்து சிரிச்சான்.

கிருஷ்ணராஜ் சேரின்ர ஒஃபிஸில ஒரு சின்னப் பெட்டை மேசையில இருந்தாள். "புதுசா ஒராளைப் பயோ கிளாஸில சேக்க வேணும்" எண்டன்.

"பிள்ளையின்ர பேர்?"

"ஹியூபேட் இராஜநாயகம்."

எழுதினாள். "வயசு?"

"ஐம்பத்திமூண்டு."

பேனை நிண்டுது. என்னைப் பாத்தாள், எனக்குப் பின்னால கையைக் கட்டிக்கொண்டு நிக்கிற மனுசனைப் பாத்தாள். "என்ன பாக்கிறீர்? எழுதும் பிள்ளை," எண்டன். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள். பிறகு வழமையாக் கேக்கிற கேள்வியை வழமை மாதிரியே கேட்டாள்: "கிளாஸுக்கு வராட்டில் வீட்டில ஆருக்கு அறிவிக்கிறது?"

"எனக்கு அறிவியும்," எண்டு என்ர போன் நம்பரைச் சொன்னன். "ஆனா அவர் வராமல் விட மாட்டார்."